சுற்றுப்புறச் சூழல் கல்வி: வகுப்பறைக்கு வெளியே சில பாடங்கள்

காடுகள், ஏரிகள், ஆறுகள், வனவிலங்குகள் உள்ளிட்ட இயற்கைச் சூழலைக் காத்து மேம்படுத்துவது குடிமக்கள் ஒவ்வொருவரின் கடமை என்று நமது அரசியலமைப்புச் சட்டத்தின் 51அ பிரிவு கூறுகிறது. 1976-ஆம் ஆண்டின் 42-ஆவது திருத்தம் இதனைச் சேர்த்தது. கடமை என்று எழுதிவிட்டால் அதனைக் கற்பிக்கும் பொறுப்பும் அரசுக்கு வந்துவிடுகிறது. 1986-இல் தேசியச் சுற்றுப்புறச் சூழல் விழிப்புணர்வு இயக்கம் தொடங்கப்பட்டது. 1991-இல் உச்ச நீதிமன்றம், கல்வி நிலையங்களில் இது ஒரு பாடமாகக் கற்பிக்கப்பட வேண்டும் என்று ஆணையிட்டது. 2003-இல் அதற்கான பாடத்திட்டத்தை வகுக்குமாறு தேசியக் கல்வி ஆராய்ச்சி, பயிற்சிக் குழுவைப் பணித்தது. 2001-02-இல் தொடங்கிய தேசியப் பசுமைப் படையின் கீழ் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்ட பள்ளிகளில் சூழல் மன்றங்கள் ஏற்பட்டன. 2022 அக்டோபரில், சூழலுக்கு இசைந்த வாழ்க்கை முறையை வலியுறுத்தும் 'லைஃப்' இயக்கம் குஜராத்தின் ஏக்தா நகரில் தொடங்கி வைக்கப்பட்டது.

ஆணைகளுக்குக் குறைவில்லை என்பது இதிலிருந்து தெளிவு. ஆயினும், ஓசோன் படலத்தைப் பற்றி ஒரு பக்கம் எழுதி முழு மதிப்பெண் பெறும் மாணவனுக்குத் தன் வீட்டுக் குடத்தில் நிறையும் நீர் எந்தச் சரிவில் பெய்த மழை என்பது தெரிவதில்லை. அவனுடைய தாய்க்கு அது தெரியும். ஆனால் அவரை எவரும் வகுப்புக்கு அழைப்பதில்லை. இவ்விடைவெளியை நிரப்ப முயன்ற சில உள்ளூர் முயற்சிகளை, மாணவர்களுக்கும் களப்பணியில் உள்ள அலுவலர்களுக்கும் பயன்படும் வகையில் இங்குக் காண்போம். இவற்றுள் சில வென்றன. ஒன்றில் உயிர்ச்சேதமே நேர்ந்தது.

சமோலி முகாம்கள்

1970 ஜூலையில் அலகநந்தா ஆற்றில் ஏற்பட்ட பெருவெள்ளம் இன்றைய உத்தரகண்ட் மாநிலத்தின் மலைச் சிற்றூர்கள் பலவற்றை அழித்தது. மேல் சரிவுகளில் காடு வெட்டப்பட்டதற்கும் கீழே வெள்ளம் பெருகியதற்கும் தொடர்பு உண்டு என்பதை நிவாரணப் பணிக்குச் சென்ற இளைஞர்கள் நேரில் கண்டனர். அவர்கள் சார்ந்திருந்த தசோலி கிராம சுவராஜ்ய சங்கம், 1964-இல் சண்டி பிரசாத் பட் அவர்களின் முன்முயற்சியால் கோபேஸ்வரில் தோன்றியது. 1973-இல் உழவுக் கருவிகள் செய்வதற்கு இச்சங்கம் கேட்ட அங்கு மரங்கள் மறுக்கப்பட்டன. அதே மரங்கள் விளையாட்டுப் பொருள் செய்யும் நிறுவனத்துக்கு ஒதுக்கப்பட்டன. அதன் விளைவாக எழுந்த சிப்கோ இயக்கமும், 1974 மார்ச் 26 அன்று ரேணி கிராமத்தில் கௌரா தேவி தலைமையில் பெண்கள் மரங்களைக் காத்து நின்றதும் பாடநூல்களிலேயே இடம்பெற்றுவிட்டன.

அதற்குப் பின் நடந்தது அவ்வளவாகப் பேசப்படவில்லை. மரத்தைக் காத்தாயிற்று, மொட்டையாகிவிட்ட சரிவுகளை என்ன செய்வது? சங்கம் ஊர் ஊராகச் சூழல் மேம்பாட்டு முகாம்களை நடத்தத் தொடங்கியது. ஊர் மக்கள், கல்லூரி மாணவர்கள், அறிவியலாளர்கள், வனத்துறையினர் ஆகியோர் சில நாட்கள் ஒரே ஊரில் தங்கினர். குழி தோண்டுதல், கல் சுவர் எழுப்புதல், கன்று நடுதல் ஆகிய வேலைகள் ஒருபுறம். வேலை முடிந்ததும் கூடி உட்கார்ந்து விவாதித்தல் மறுபுறம். கையில் மண் ஒட்டியிருக்கும்போது நடக்கும் விவாதத்தில் பதவி வேறுபாடு சற்றே குறைவது இயல்பு. அலுவலக அறையில் கேட்கத் துணியாத கேள்விகளை மக்கள் அங்குக் கேட்டனர்.

எந்த மரத்தை நடுவது என்பது அவற்றுள் முக்கியமான கேள்வி. ஆண்கள் பெரும்பாலும் பழ மரங்களையும் விற்று பணமாக்கக் கூடிய மரங்களையும் விரும்பினர். விறகுக்கும் தழைக்கும் நாள்தோறும் மலையேறும் பெண்களோ தீவனம் தரும் மரங்களையும் விறகு மரங்களையும் ஊருக்கு அருகிலேயே நட வேண்டும் என்றனர். பெண்களின் சொல் ஏற்கப்பட்ட இடங்களில் கன்றுகளைக் காவல் காக்கும் பொறுப்பையும் அவர்களே ஏற்றனர். இம்முகாம்களில் நடப்பட்ட கன்றுகள், அரசுத் துறையின் நடவுகளைவிடக் கணிசமாக அதிக விகிதத்தில் பிழைத்திருந்ததை வெளியார் மதிப்பீடுகள் உறுதி செய்தன.

இதில் பொருளாதார மாணவர் கவனிக்க வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. மரம் பயன் தரப் பத்து, பதினைந்து ஆண்டுகள் ஆகும். ஏழைக் குடும்பம் அவ்வளவு காலம் காத்திருக்க இயலாது. நாளைய நூறு ரூபாயைவிட இன்றைய பத்து ரூபாய் அதற்குப் பெரிது. ஆனால் கல் சுவர் எழுப்பி மேய்ச்சலை நிறுத்திய நிலத்தில் முதல் மழையிலேயே புல் வளர்ந்துவிடுகிறது. அப்புல்லை அறுத்துப் பகிர்ந்துகொள்ளும் உரிமை, மரத்துக்காகக் காத்திருக்கும் காலத்திற்கான வட்டியாக அமைந்தது. இதனைச் சொற்பொழிவு எதுவும் அவர்களுக்குக் கற்பிக்கவில்லை. சுவர் கட்டிய இடத்தில் புல் வளர்ந்ததைப் பார்த்தவர்கள், அடுத்த சுவரைத் தாமாகவே கட்டினர்.

1980-இல் டுங்ரி-பைதோலியில் நடந்த நிகழ்ச்சி இக்கல்வியின் ஆழத்தைக் காட்டியது. அவ்வூரை ஒட்டியிருந்த ஓக் காட்டை வெட்டி உருளைக்கிழங்குப் பண்ணை அமைக்கத் திட்டமிடப்பட்டது. ஈடாகச் சாலையும் பள்ளியும் மருத்துவமனையும் வரும் என்று கூறப்பட்டதால், ஆண்களே நிறைந்த ஊர்ச் சபை இசைந்தது. காடு போனால் விறகுக்கும் தீவனத்துக்கும் இன்னும் எத்தனை கிலோமீட்டர் நடக்க வேண்டும் என்பதைக் கணக்கிட்ட பெண்கள் எதிர்த்து நின்று காட்டைக் காத்தனர். சாலையும் பள்ளியும் வேண்டாதவை அல்ல என்பதை இங்குச் சொல்லியே ஆக வேண்டும். அவற்றைப் பெற ஓர் ஊர் தன் காட்டை விலையாகக் கொடுக்க நேர்ந்ததே திட்டமிட்டவர்களின் பிழை.

ஓர் ஊற்றின் கணக்கு

அல்மோராவில் 1967-இல் நிறுவப்பட்ட உத்தராகண்ட் சேவா நிதி என்னும் அமைப்பு, 1986-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையை ஒட்டி மலைப் பள்ளிகளுக்கென ஒரு பாடமுறையை உருவாக்கியது. ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரையிலான மாணவர்கள் தம் ஊரின் நிலம், நீர், காடு, கால்நடை ஆகியவற்றை நேரில் சென்று அளந்து, பயிற்சி நூலில் தாமே பதிவு செய்வதே அதன் அடிப்படை. பாடநூலில் விடை இராது, ஊரில்தான் இருக்கும். ஆசிரியருக்கும் முன்கூட்டியே விடை தெரியாத பாடம் என்பதால் தொடக்கத்தில் சிலருக்குத் தயக்கம் இருந்திருக்கக் கூடும்.

இத்தகைய பாடம் எப்படி அமையும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டை நாமே செய்து பார்க்கலாம். தேவையானவை 10 லிட்டர் வாளி ஒன்றும் கடிகாரம் ஒன்றும் மட்டுமே. மழைக்காலம் முடிந்த பின் மாணவர்கள் ஊற்றுக்குச் சென்று, வாளி நிறைய எத்தனை வினாடி ஆகிறது என்று பார்க்கட்டும். 40 வினாடி என்று கொள்வோம். ஒரு நாளைக்கு 86,400 வினாடிகள். எனவே அவ்வூற்று ஒரு நாளில் தருவது 21,600 லிட்டர். 2019-இல் தொடங்கிய ஜல் ஜீவன் இயக்கம் ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் என்று வரையறுத்துள்ளது. அதன்படி இந்த ஊற்று 392 பேருக்குப் போதும். 300 பேர் உள்ள ஊராயின் கவலையில்லை என்று தோன்றும். அதே மாணவர்கள் மே மாதத்தில் மீண்டும் செல்லட்டும். இப்போது வாளி நிறைய 4 நிமிடங்கள் ஆகிறது என்று கொள்வோம். நாளொன்றுக்கு 3,600 லிட்டர். 65 பேருக்கு மட்டுமே போதுமானது. எஞ்சிய 235 பேர் என்ன செய்வார்கள்? கால்நடைகளுக்கு நீர் எங்கே? இக்கேள்விகளைக் கேட்க ஆசிரியர் தேவையில்லை, கணக்கே கேட்டுவிடும்.

இமயமலைப் பகுதியில் ஊற்றுகளில் ஏறத்தாழப் பாதி வற்றியோ வற்றும் நிலையிலோ உள்ளன என்பது நிதி ஆயோக் 2018-இல் வெளியிட்ட அறிக்கையின் கருத்து. சிக்கிம் மாநில அரசு 2008-இல் தொடங்கிய 'தாரா விகாஸ்' திட்டம், ஊற்று வெளிப்படும் இடத்தில் தொட்டி கட்டுவதை விட்டு, அதற்கு நீர் ஊட்டும் மேல் சரிவைக் கண்டறிந்து, அங்குச் சிறு பள்ளங்கள் வெட்டி மழைநீரை மண்ணுக்குள் இறக்கியது. பாறைப் படிவுகளின் சாய்வைப் படித்தறிய உள்ளூர் இளைஞர்களுக்குப் பயிற்சி தரப்பட்டது. வேலைக்கான கூலி தேசிய ஊரக வேலை உறுதித் திட்டத்தின் கீழ் வழங்கப்பட்டது. நிலவியல் என்னும் பல்கலைக்கழகப் பாடம், மலைச்சரிவில் நடந்துகொண்டே கற்கும் கைத்தொழிலாக மாறியதை இதில் காண்கிறோம்.

உழவர் நீர்ப் பள்ளிகள்

சூழல் கல்வி என்றால் சிறுவர்களுக்கானது என்ற எண்ணம் நம்மிடையே ஆழமாகப் பதிந்துள்ளது. வளரும் தலைமுறை கற்கட்டும் என்று கூறுவது, வளர்ந்துவிட்ட தலைமுறை தப்பித்துக்கொள்ளும் வழியாகவும் அமைந்துவிடுகிறது. இன்று கிணறு தோண்டுபவர் சிறுவர் அல்லர்.

ஆந்திரப் பிரதேசத்தின் ஏழு வறட்சி மாவட்டங்களில் 2003 முதல், ஐ.நா. உணவு வேளாண்மை நிறுவனத்தின் துணையுடன் உழவர் மேலாண்மை நிலத்தடி நீர்த் திட்டம் நடைபெற்றது. 600-க்கும் மேற்பட்ட சிற்றூர்களில் ஆண்களும் பெண்களுமாக உழவர்கள் மழைமானியைப் படிக்கவும், கிணற்று நீர்மட்டத்தை அளக்கவும், இறைக்கும் நீரைக் கணக்கிடவும் கற்றனர். அளவுகள் ஊர்ப் பொதுவிடத்துப் பலகையில் எழுதப்பட்டன. 'உழவர் நீர்ப் பள்ளி' என்ற பெயரில் நடந்த வகுப்புகள், நீரியல் ஆண்டு முழுவதும் தொடர்ந்தன. வயலும் கிணற்றடியுமே வகுப்பறை.

தென்மேற்குப் பருவமழை ஓய்ந்ததும், ஊர் கூடி நீர் வரவு செலவுத் திட்டம் போடுவது இதன் உச்சகட்டம். பெய்த மழையில் நிலத்துக்குள் சென்றது எவ்வளவு என்பது வரவு. குடிநீர், கால்நடை, அடுத்த பருவத்தில் ஒவ்வொருவரும் பயிரிடக் கருதும் நெல், கடலை, பயறு ஆகியவற்றின் தேவை செலவு. பல ஊர்களில் செலவு வரவை விஞ்சி நின்றது. அதன் பின் எவரும் எவருக்கும் தடை விதிக்கவில்லை. அபராதமும் இல்லை, மானியமும் இல்லை. எனினும் பல உழவர்கள் நெல்லைக் குறைத்து, குறைந்த நீர் வேண்டும் பயிர்களுக்கு மாறினர்.

இத்திட்டம் நடந்துகொண்டிருந்த 2004-ஆம் ஆண்டில்தான் அம்மாநிலத்தில் வேளாண் பம்புகளுக்கு மின்சாரம் இலவசமாயிற்று. விலை என்னும் கடிவாளம் இல்லாத இடத்தில் நீர் இறைப்பு பெருகும் என்றே நாங்கள் படித்த பொருளாதாரம் கூறும். அந்நிலையிலும் அறிவு மட்டுமே ஓரளவு கடிவாளமாகச் செயல்பட்டது என்பது எனக்கு வியப்பளித்த செய்தி. தன் கிணற்றின் அளவு பக்கத்துத் தோட்டக்காரருக்கும் தெரியும் என்ற நிலை ஏற்பட்டதும், பொதுச் சொத்தில் அவரவர் முந்திக்கொள்ளும் போட்டி தணிந்தது. எலினோர் ஆஸ்ட்ரம் 2009-இல் நோபல் பரிசு பெற்றது இத்தகைய ஊர்க் கட்டுப்பாடுகளைப் பற்றிய ஆராய்ச்சிக்காகவே. ஆயினும் ஒன்றை மறைப்பதற்கில்லை. வெளியுதவி நின்ற பின் அளவெடுப்பு எல்லா ஊர்களிலும் ஒரே சீராகத் தொடரவில்லை. பிற்கால ஆய்வுகள் கலப்பான முடிவுகளையே தந்தன. கிணற்றை அளப்பவருக்கு ஒரு சிறு ஊதியமும், அளவுகளைக் கேட்டு வாங்க ஒரு துறையும் இருந்திருந்தால் நிலைமை வேறாக இருந்திருக்கும் என்று கருதுகிறேன்.

பரத்பூரில் கற்றது

யார் யாருக்குக் கற்பிப்பது என்பதில் நாம் செய்த தவற்றுக்கு இராஜஸ்தானின் கேவலாதேவ் பறவைகள் காப்பிடம் சான்று. 1980-களின் தொடக்கத்தில் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டதும், தலைமுறைகளாக அங்கு எருமை மேய்த்துவந்த சுற்றுப்புற ஊர்களுக்கு 1982-இல் தடை விதிக்கப்பட்டது. எதிர்ப்புக் கிளர்ந்தது, துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியாயின. அதன் பின் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் அங்கு நடத்திய நீண்ட கால ஆய்வு எதிர்பாராத முடிவைத் தந்தது. எருமைகள் வராததால் நீர்ப்புல் தழைத்துச் சதுப்பு நிலத்தை மூடியது. பறவைகளுக்கு அது கேடாயிற்று. எருமை மேய்ச்சல் புல்லைக் கட்டுப்படுத்திவந்தது என்பதை ஆய்வு தொடங்கும் முன்பே மேய்ப்பர்களிடம் கேட்டறிந்திருக்கலாம்.

அதே பூங்காவில் மனநிறைவளிக்கும் காட்சியும் உண்டு. பயணிகளை ஏற்றிச் செல்லும் சைக்கிள் ரிக்ஷாத் தொழிலாளர்களுக்குப் பறவைகளை அடையாளம் காணப் பயிற்சி தரப்பட்டது. இன்று அவர்களுள் பலர் தேர்ந்த வழிகாட்டிகள். பறவை அவர்களுக்கு வருவாய்; ஆகவே பறவையின் நலம் அவர்களது நலம்.

நடை இல்லாத பதிவேடு

கேரள சாஸ்திர சாகித்திய பரிஷத், 1962-இல் அறிவியல் எழுத்தாளர்களால் தொடங்கப்பட்டு, அமைதிப் பள்ளத்தாக்கு நீர்மின் திட்டத்தைப் பற்றிய பொது விவாதத்தை ஊர்தோறும் கொண்டு சென்ற அமைப்பு. அவ்விவாதத்தின் முடிவில் திட்டம் கைவிடப்பட்டது. 1984-இல் பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. 1990-களின் தொடக்கத்தில் இவ்வமைப்பு, புவி அறிவியல் ஆய்வு மையத்துடன் சேர்ந்து, பஞ்சாயத்து வள வரைபடங்களைத் தயாரிக்கும் பணியில் இறங்கியது. தொண்டர்கள் கையில் நிலவரைபடத்துடன் ஒவ்வொரு மனையாக நடந்து, நிலப்பயன்பாட்டையும் நீர்நிலைகளையும் குறித்தனர். கண்ணூர் மாவட்டத்துக் கல்யாசேரி இதில் முன்னோடி. 1996-இல் மக்கள் திட்ட இயக்கம் தொடங்கியபோது இந்த அனுபவம் கைகொடுத்தது.

2002-ஆம் ஆண்டின் உயிரியல் பன்மைச் சட்டம் இத்தகைய நடைக்குச் சட்டத் தகுதி அளித்தது எனலாம். ஒவ்வொரு உள்ளாட்சி அமைப்பும் ஒரு மேலாண்மைக் குழுவை அமைத்து, மக்களைக் கலந்து, தன் எல்லைக்குள் உள்ள தாவரங்கள், விலங்குகள், அவற்றைச் சார்ந்த மரபறிவு ஆகியவற்றைப் பதிவேடாகத் தொகுக்க வேண்டும். பல்லாண்டுகள் இப்பணி மந்தமாகவே நடந்தது. 2020 ஜனவரி 31-க்குள் முடிக்காத மாநிலங்கள் மாதம் 10 இலட்சம் ரூபாய் செலுத்த வேண்டும் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் ஆணையிட்டதும் வேகம் பிறந்தது. இன்று இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்ட பதிவேடுகள் உள்ளன.

இவற்றுள் எத்தனை நடந்து எழுதப்பட்டவை? சில ஆண்டுகளுக்கு முன் வட மாநிலமொன்றில் ஆய்வுப் பயணத்தின்போது, அடுத்தடுத்த மூன்று ஊர்களின் பதிவேடுகளைக் கேட்டு வாங்கினேன். மூன்றிலும் ஒரே பட்டியல், ஒரே வரிசை, ஒரே எழுத்துப் பிழை. மூன்றாவது ஊர் மணற்பாங்கான மேட்டு நிலம். அதன் பதிவேட்டிலும் தாமரைக் குளம் ஒன்று மலர்ந்திருந்தது. குழுத் தலைவரிடம் காட்டியபோது, அவர் அதனை முதல் முறையாகப் பார்ப்பதாகக் கூறினார். ஆனால் எங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டு வேலி ஓரத்தில் நின்ற ஆட்டு மேய்ப்பர் ஒருவர், அம்மேட்டில் முன்பு கிடைத்து இப்போது கிடைக்காத புற்கள் இன்னவை என்று விரல்விட்டு எண்ணினார். ஆறாவது விரலுக்கு வந்ததும்தான் எழுதிக்கொள்ள வேண்டும் என்று எனக்கே தோன்றியது. அவர் பெயர் குழுவின் பட்டியலில் இல்லை.

இதற்கு எழுதியவரை மட்டும் குறை கூறுவது நேர்மையாகாது. என் பணிக்காலத்தில் பயன்பாட்டுச் சான்றிதழ் படிவங்கள் பலவற்றைத் தயாரித்தவர்களுள் நானும் ஒருவன். எத்தனை முகாம், எத்தனை பேர், எவ்வளவு செலவு என்று கேட்கும் கட்டங்கள் அவற்றில் உண்டு. என்ன கண்டார்கள், அதனால் எது மாறியது என்று கேட்கும் கட்டம் இருந்ததில்லை. நாம் கேட்டதையே களம் நமக்குத் தந்தது.

பணம் பெரிய தடையன்று. பசுமைப் படையில் பள்ளி ஒன்றுக்கு ஆண்டுக்கு 2,500 ரூபாயாக இருந்த உதவித்தொகை பின்னர் 5,000 ரூபாயாக உயர்ந்தது. வாளியும் கடிகாரமும் மழைமானியும் வாங்க அது போதும். பதாகைக்கும் மேடைக்கும் போதாது. அதனை ஒரே தவணையில், நிதியாண்டின் கடைசி மாதத்தில் அனுப்புவதே தொல்லை. மார்ச்சில் பணம் வந்தால் மார்ச்சுக்குள் விழா எடுத்து முடிக்கவே தோன்றும். பாதியை மழை ஓய்ந்த அக்டோபரில், ஊற்றை அளக்கும் முதல் நடைக்குத் தரலாம். மீதியை ஏப்ரலில், அந்த அக்டோபர் அளவு எழுதிய தாளைக் காட்டிய பின் தரலாம். அவ்வாறு செய்தால் மே மாதத்து வெயிலில் இரண்டாம் முறை வாளியைத் தூக்கிக்கொண்டு ஊற்றுக்குச் செல்ல ஒரு காரணம் இருக்கும். படிவத்தில் இதற்குக் கூடுதலாக வேண்டியவை இரண்டே கட்டங்கள்: அக்டோபரில் எத்தனை வினாடி, மே மாதத்தில் எத்தனை வினாடி.